மூச்சைத் தராசில் வைத்த வருஷம்

என் கண்ணு,

வீடு முழுக்க ஆள். கூடத்தில் உன் அம்மா யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறாள். வாசலில் பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்குகிறார்கள். நீ உள்ளறையில் மருதாணிக் கையை விரித்துக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் உட்கார்ந்திருக்கிறாய். இந்தக் கல்யாண வீட்டில் வேலை இல்லாத ஒரே ஆள் நான்தான். எங்கே நின்றாலும் "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்கிறார்கள். அதனால் மாடி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே இந்த அத்தா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் சொல்ல வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். மண்டியே கேட்கக் கூவுகிறவனுக்கு அது வெட்கக்கேடு.

சீர்ப் பாத்திரங்களை அடுக்கும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "நான் பொறந்தப்ப நீங்க ஏன் அத்தா ஊட்டுல இல்லை?" "ஆஸ்பத்திரியில இருந்தேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். மறைக்க வேண்டிய சங்கதி ஒன்றும் இல்லை. சொல்ல ஆரம்பித்தால் சின்னதாக முடியாது, அதுதான் காரணம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஒரு மனுஷனின் மூச்சை எடுத்துக் காகிதத்தில் கோடாக வரைந்து காட்டினார்கள் கண்ணு. அந்த மனுஷன் நான்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆனால் புகுந்த வீட்டில் யாராவது கேட்டால் நீ சரியாகச் சொல்ல வேண்டுமே, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் ஏலம் கூவுகிறவன் நான். வெல்ல மூட்டைகளைச் சிப்பம் சிப்பமாக அடுக்கி வைத்திருப்பார்கள், வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், நடுவில் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று விலையைக் கூவ வேண்டும். மூச்சு வாங்க நின்றால் விலையும் நின்றுபோகும். ஆகவே ஓட்டமாக ஓட வேண்டும். அதற்காக மூச்சை அடிவரை செலவழிக்கிறவனும் நல்ல ஏலக்காரன் இல்லை. ரெண்டு தரம் சொன்ன பிறகு, மூணாம் தரத்துக்கு முன்னால், வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தி நிறுத்துவோம். விரல் மேலே நிற்கிறவரை ஏலம் திறந்திருக்கிறது. இறக்கினால் முடிந்தது. விரல் நிற்கிற அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து எவனாவது ஒரு விலையை முனகினால், அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஓட உள்ளே மூச்சு இருப்பு வேண்டும். இல்லாவிட்டால் விவசாயியின் வெல்லம் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மனுஷன் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அடி வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்று எனக்கே தெரியாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உன் அம்மா உன்னை உண்டாகியிருந்த வருஷம் எனக்கு டி.பி. வந்தது. இருமல், சாயங்காலக் காய்ச்சல், பெட்டி மேல் ஏறினாலே இரைப்பு. பிறகு ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அந்த நாளில் இந்த வியாதியின் பேரைக் கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கமாக, கிறிஸ்தவ சிஸ்டர்கள் நடத்திய நெஞ்சு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊசி போட்டார்கள். நீரை எடுத்தார்கள். சாமி புண்ணியத்தில் என்று நம் பக்கத்தில் சொல்லுவார்கள், நான் அல்லாஹ்வின் கருணை என்கிறேன், மருந்து கேட்டது. காய்ச்சல் விட்டது. சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, மூட்டையைக் கட்டலாம் என்று பார்த்தால் டாக்டர் விடவில்லை. நீர் நின்ற பக்கத்து நுரையீரல் சுருண்டு கிடக்கிறது, அதை விரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். டாக்டர் சேலத்துக்காரர், கிறிஸ்தவர், சாவகாசமாகப் பேசுகிறவர். மருந்து வியாதியைக் கொல்லும், நெஞ்சுக்கு மறுபடி வேலை செய்யச் சொல்லிக்கொடுக்காது, அது நீங்கள் செய்ய வேண்டியது என்பார்.

அதற்குப் பயிற்சிகள் வைத்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வியாதிப்பட்ட விலாவை மட்டும் உப்பவைக்க வேண்டும். வயிற்றின்மேல் மணல் பையை வைத்து மூச்சால் அதைத் தூக்க வேண்டும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாட்டில் வேலை. ரெண்டு கண்ணாடி பாட்டில், நடுவில் ரப்பர் குழாய். ஒன்றில் சாயத் தண்ணீர். இந்தப் பாட்டிலில் இருப்பதை ஊதி ஊதி அந்தப் பாட்டிலுக்கு அனுப்ப வேண்டும். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து நெசவாளி, லாரி டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டு தண்ணீரை ஊதுவோம். கலியாண வயசில் பெண்ணை வைத்திருக்கிற பெரிய மனுஷர்களெல்லாம் பிள்ளைகள்போல "என் தண்ணிதான் முதல்ல போச்சு" என்று சண்டை போடுவார்கள்.

பயிற்சி வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க ஒரு தனி அறை. அந்த மெஷினுக்கு இங்கிலீஷில் ஏதோ பேர். நாங்கள் மூச்சுத் தராசு என்போம். தண்ணீர் நிரப்பிய ஒரு பாத்திரம். அதற்குள் லேசான தகர டிரம் ஒன்றைக் கவிழ்த்து, சங்கிலியில் கட்டி, கப்பி மேல் ஓட்டி, மறுமுனையில் எடைக்கல் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த எடைக்கல்லோடு ஒரு பேனா. மூக்கைக் கிளிப்பால் கவ்வி மூடிவிட்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்துவிடுவார்கள். நன்றாக இழுத்து ஊதினால், நம் மூச்சு கவிழ்ந்த டிரம்முக்குள் போய் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கும். டிரம் ஏற ஏற பேனா இறங்கும். சுற்றிக்கொண்டே இருக்கிற காகிதத்தில் கோடு விழும். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. அதனால் மூச்சு முடிந்ததும் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கை தூக்கினால் சிஸ்டர் வந்து குழாயை எடுத்துவிடுவார்.

முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோது நான் மரம்மாதிரி உட்கார்ந்துவிட்டேன். பிறந்தது முதல் என்கூடவே இருக்கிறது, நான் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை, ஒரு நாளாவது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறேனா? இதோ நீல மசியில், தலையணை உறையில் போட்ட தையல்போல மேலும் கீழுமாகப் போகிறது. நான் கொஞ்சம் பயந்தால் கோடும் நடுங்கியது. சிஸ்டர் தமாஷாக ஏதோ சொல்ல நான் சிரித்தேன், கோடு தாறுமாறாகத் துள்ளியது. "இது நானாங்க சிஸ்டர்?" என்று கேட்டேன். "உங்க மூச்சு. வேறே யாரோடது?" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மண் உடம்புக்குள் இப்படி ஒரு சங்கதியை வைத்து ஓடவிட்டிருக்கிறவனை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆச்சரியம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோடு வளரவில்லை. மற்றவர்களுக்கு மாசத்துக்கு மாசம் ஆழமாக இறங்கியது. எனக்கு அதே இடத்தில் வந்து நின்றது. மணல் பையைத் தூக்கினேன், தண்ணீரை ஊதினேன், மலை அடிவாரச் சரிவில் இரைக்காமல் நடந்தேன். எக்ஸ்ரேகூட நன்றாகத் தெளிந்திருக்கிறது என்றார் டாக்டர். தராசு மட்டும் மாட்டேன் என்றது. கடைசியில் அவர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். நீர் நின்ற இடத்தில் நுரையீரலைச் சுற்றித் தடித்த தோல் வளர்ந்து அதைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும், அது எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம், மதராஸுக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரிக்க வேண்டிவரும் என்றார். பிழைப்பேனா என்று கேட்டேன். பெரிய ஆபரேஷன்தான், வீட்டாளைக் கூப்பிட்டுப் பேசிவிடுவோம் என்றார். பதில் அதிலேயே இருந்தது. நீ அப்போது உன் அம்மா வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்பது ஒன்றுதான் எனக்கு அந்த நேரம் தோன்றியது.

நிறைமாசத்தை நெருங்குகிறவள் வர வேண்டாம், உன் மாமாவை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். கேட்கிற ஆளா உன் அம்மா? சேலத்தில் பஸ் ஏறி, புதுச்சத்திரத்தில் வண்டி பழுதாகி வெயிலில் நின்று, நாமக்கல்லில் மாறி, உன் மாமா பின்னாலேயே திட்டிக்கொண்டுவர, வயிற்றைத் தாங்கியபடி வந்து இறங்கினாள். டாக்டர் அவளுக்கு விஷயத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. "அந்த மெசினைக் காட்டுங்க, பாக்கோணும்" என்றாள். டாக்டருக்கு என்ன தோன்றியதோ, சரி என்று கூட்டிப்போனார்.

நான் உட்கார்ந்தேன். மூக்கில் கிளிப், வாயில் குழாய். இழுத்தேன், ஊதினேன். டிரம் ஏறியது, பேனா இறங்கியது, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. கையைத் தூக்கினேன். சிஸ்டர் குழாயை எடுக்க வந்தார்.

"எடுக்காதீங்க" என்றாள் உன் அம்மா. "அவுரு இன்னம் முடிக்கலீங்க."

"கையைத் தூக்கிட்டாரேம்மா. முடிஞ்சா தூக்கச் சொல்லித்தான் வெச்சிருக்கோம்" என்றார் டாக்டர்.

"கையவா தூக்குனாரு? வெரலைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரல், மண்டியில் நிற்பதுபோல நட்டுக்கொண்டு நின்றது. நான் அப்படித் தூக்கவேண்டும் என்று தூக்கவில்லை கண்ணு. அதுவே போய் நின்றிருந்தது.

"இது முடிஞ்சதுக்குத் தூக்கற வெரலு இல்லீங்க டாக்டர்" என்றாள். "மண்டியில வந்து பாருங்க. இன்னம் உள்ள வெச்சிருக்கறேன், வெலை ஏத்தறவன் ஏத்துன்னுதான் இந்த வெரலு நிக்கும். முடிஞ்சா எறக்கிப்போடுவாருங்க."

குழாயை எடுத்துவிட்டு டாக்டர் என்னைக் கேட்டார். நான் சத்தியமாக எனக்கு அவ்வளவுதான் மூச்சு என்றேன். நெஞ்சில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். உன் அம்மா என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, எனக்குத் தெரியாதுங்களா? நாளெல்லாம் கூவிப்போட்டு ஊட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டையில ஒரு பெருமூச்சு உடுவீங்களே, அது எங்கிருந்துங்க வருது? அதைய இங்க உடுங்க."

டாக்டர் என் விரலை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு புதுக் காகிதம் மாட்டச் சொன்னார். "மறுபடி ஊதட்டும். ஆனா அந்த விரலை யாராவது புடிச்சுக்கணும்" என்றார். "நான் புடிச்சுக்கறேனுங்க" என்று பக்கத்தில் வந்து, விரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். டாக்டர் முன்னால், சிஸ்டர் முன்னால், அவள் அண்ணன் வாசலில் நிற்கும்போது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஊதினேன். வழக்கமான இடம் வந்தது. விரல் எழப் பார்த்தது, அவள் விடவில்லை. "போவட்டும்" என்றாள். போனது. "இன்னம் இருக்குதுங்க, போவட்டும்." உள்ளே எனக்குத் தெரியாத ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது. பயம் கண்ணு, அப்படி ஒரு பயம். எத்தனையோ வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் அடியில் வைத்திருந்தது, அதைக் கைவிட்டால் நான் இருக்க மாட்டேன் என்று உடம்பு சொன்னது. கண் இருட்டியது. விலா நடுங்கியது. பேனா பழைய இடத்தைத் தாண்டி, யாரும் தொடாத வெள்ளைக் காகிதத்தில் இறங்கிக்கொண்டே போனது. கடைசிச் சொட்டும் போனபின், இனி ஒன்றும் இல்லை என்ற இடத்தில், நான் கேட்காமலே, நான் இழுக்காமலே, காற்று தானாக உள்ளே பாய்ந்து வந்தது. நான் கூப்பிடவில்லை. அதுவே வந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் காகிதத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய கோடுகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பழையவையெல்லாம் அரிவாளால் வெட்டியதுபோலச் சட்டென்று நின்றிருந்தன. புதியது சரிந்து சரிந்து மெலிந்து முடிந்திருந்தது. "நுரையீரல் விரிஞ்சு ரொம்ப நாளாச்சு போலிருக்கு" என்றார். "எக்ஸ்ரேதான் நெசம் சொல்லியிருக்கு. மதராஸ் வேண்டாம்." உன் மாமா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உன் அம்மாவுக்கு மட்டும் ஒரு கவலை மிச்சம் இருந்தது. "எல்லாத்தையும் வெளிய உட்டுப்போட்டாருங்களே, ஒன்னும் ஆவாதுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் வெளிய வராதும்மா" என்றார் டாக்டர். "எவ்வளவு ஊதினாலும் கொஞ்சம் உள்ளேயே தங்கிரும். அதை நம்மாலே வெளியே விட முடியாது. இந்த மெஷினாலே அளக்கவும் முடியாது."

"அது எப்பங்க உள்ள வந்துச்சு?"

"பொறந்தவுடனே குழந்தை அழுவுது இல்லையா, அப்ப நெஞ்சு விரியுது. அதுக்கப்புறம் உசுரு இருக்கிறவரைக்கும் நெஞ்சு ஒரு நாளும் காலியாகறதில்லை."

அவள் என் விரலை அப்போதுதான் விட்டாள். அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அங்கே இருந்த நீ இன்னும் ஒரு மூச்சுகூட எடுத்திருக்கவில்லை. நான் உங்கள் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பயிற்சி முடிகிறவரை இருந்துவிட்டுப் போ என்று டாக்டர் சொன்னதால் இருந்தேன். நீ பிறந்த சேதியை உன் மாமா கொண்டுவந்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய தொழுகை அழைப்பை, பாங்கை, உன் காதில் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு எனக்கு அளக்கிற நாள். கோடு ஒன்றும் ஆழமாக விழவில்லை. அழுதுகொண்டே ஊதினால் எப்படி விழும்? சிஸ்டர் அந்தக் காகிதத்தைக் கணக்கில் சேர்க்காமல் கிழித்துப் போட்டுவிட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உன் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். புது முகத்தைப் பார்த்து நீ வீறிட்டாய். அடிவரைக்கும் அழுதாய், முகம் சிவந்து, குரல் அற்று, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல். அடுத்த மூச்சு வருமா என்று நாங்கள் பதறினோம். நீ பதறவே இல்லை. நான் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கற்றது உனக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வளர வளர நீயும் என்னைப்போல ஆகிவிட்டாய். கோபம் வந்தால் பாதியில் நிறுத்துகிறாய். அழுகை வந்தால் அடுப்படிக்குப் போய்விடுகிறாய். சந்தோஷத்தைக்கூட எண்ணித்தான் செலவழிக்கிறாய். புகுந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு அது தேவைப்படும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன்னைக் கட்டப்போகிற அந்தப் பையனிடம் அப்படி இருக்காதே. அவனிடம் அடிவரை பேசு, அடிவரை சிரி. ஒன்றும் குறைந்துபோகாது, திரும்பி வரும். நான் பார்த்தவன் சொல்கிறேன். அவன் உன் விரலைப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று நினைக்கிறானா, இன்னும் இருக்கிறது என்று புரிந்துகொள்கிறானா என்று கவனி. உடனே புரியாது. உன் அம்மாவுக்கும் என்னைக் கட்டிய அன்றே புரிந்துவிடவில்லை. செருப்புக் கழற்றுகிற இடத்தில் பல வருஷம் நின்று கேட்டுத்தான் புரிந்தது. அவனுக்கும் அந்த அவகாசத்தைக் கொடு.

நிக்காஹ் சபையில் உன்னைக் கொடுத்தேன் என்று நான்தான் சொல்ல வேண்டும். ஜமாத்தார் எல்லோரும் கேட்க, உள்ளறையில் இருக்கிற உனக்கும் கேட்க, முழு மூச்சில் சொல்லிவிடுவேன், பயப்படாதே. குரல் உடையாது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். உன்னைத் திருச்செங்கோட்டுக்கு, புகுந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிற கார் கிளம்பும்போது உன் அம்மா உன் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் விரலைப் பிடிக்க ஆள் இருக்காது. அது தானாக உயர்ந்துவிடும், எனக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் அத்தா கையாட்டி அனுப்பி வைத்துவிட்டார், முடிந்தது என்று நினைப்பார்கள். நீ அப்படி நினைக்காதே கண்ணு. நன்றாகத் திரும்பிப் பார். விரல்தான் நிற்கும். உள்ளே இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

உன் அத்தா